ஆரூடம் மீமாக வந்தால் மட்டும் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது?

தண்டையார்பேட்டை ஆசிரியை எழுதியது:

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் ஐப்பசி பிறந்ததும் ஒரு படம் தவறாமல் வந்துவிடுகிறது. 1964 தனுஷ்கோடிப் புயல், 2004 சுனாமி, 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் ஆகியவற்றைக் கட்டம் கட்டமாக அடுக்கி, கடைசிக் கட்டத்தில் வடிவேலு திருதிருவென்று விழிக்கும் முகத்தை ஒட்டி, இந்த டிசம்பருக்கு என்ன காத்திருக்கிறதோ என்று எழுதியிருப்பார்கள். பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் பிறருக்கு அனுப்புகிறார்கள். சில நாட்கள் கழித்து அதே பட்டியல் வேறு வேடத்தில் திரும்பி வருகிறது. அப்போது வடிவேலு இருப்பதில்லை. சித்தர் வாக்கு என்றோ, நாசாவின் எச்சரிக்கை என்றோ, ஜப்பானியப் பெண்மணி ஒருவர் கண்ட கனவு என்றோ மேலே ஒரு தலைப்பு மட்டும் ஏறியிருக்கிறது. சிரித்தவர்களிலேயே சிலர் இப்போது கவலைப்படத் தொடங்குகிறார்கள். மாலை வகுப்புக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், அரையாண்டுத் தேர்வு நடக்குமா என்று என்னைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் பயம் பாதி, ஆசை பாதி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

இது பொய் என்று குழுவில் எழுதினால், விளையாட்டுக்குப் போட்டதை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். எழுதாமல் விட்டால் நம்புகிறார்கள். கேலிக்காகச் செய்யப்பட்ட ஒரு படம் எந்த இடத்தில் வாக்காக மாறுகிறது, அந்த மாற்றத்தைச் செய்வது யார் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் வகுப்பில் பேச எனக்கு உதவியாக இருக்கும்.


பழைய வண்ணை அச்சகத்தார் எழுதியது:

அம்மா, நான் சித்தர் வாக்கு என்ற பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பஞ்சாங்கமும் நாட்காட்டியும் அச்சாகும் இடத்தில் நெடுங்காலம் மெய்ப்புப் பார்த்தவன் என்பதால் அந்த வெண்பாக்கள் எனக்கு ஓரளவு பழக்கமானவை.

பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு ஒன்றாக வெண்பாக்கள் இடைக்காட்டுச் சித்தர் பெயரில் வழங்கி வருகின்றன. ஒவ்வொன்றிலும் மழை, விளைச்சல், அரசர் பகை, நோய் ஆகியவற்றில் சிலவற்றைப் பற்றி ஏதேனும் சொல்லப்பட்டிருக்கும். 2020 ஏப்ரல் 14 அன்று சார்வரி ஆண்டு பிறந்தபோது நாடே ஊரடங்கில் இருந்தது. அந்த ஆண்டுக்குரிய வெண்பாவிலோ, மக்கள் 'தீரமறு நோயால் திரிவார்கள்' என்று ஒரு தொடர் இருந்தது. வேறென்ன வேண்டும்? பஞ்சாங்கப் பக்கத்தைப் படம் பிடித்து, அந்த ஓர் அடியைச் சிவப்புக் கோட்டால் வட்டமிட்டு, பின்னணியில் தாடி வைத்த சித்தர் ஒருவரின் ஓவியத்தையும் சேர்த்து உலகமெங்கும் அனுப்பினார்கள். கேலியாகச் செய்தவர்களும் உண்டு, பக்தியோடு செய்தவர்களும் உண்டு. என் கைபேசிக்கு இரண்டு வகையும் வந்தன, படம் ஒன்றுதான்.

வட்டத்துக்கு வெளியே இருந்ததை யாரும் படிக்கவில்லை. நோயைச் சொன்ன கையோடு அந்த வெண்பா 'மாரியில்லை' என்கிறது. பூமியில் விளைவு இருக்காது என்றும் சொல்கிறது. அந்தச் சார்வரியின் கார்த்திகையில்தான் நிவர் புயல் வந்தது. 2020 நவம்பர் 25 அன்று செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள்; அதன் பின்னாலேயே புரெவியும் வந்து கொட்டித் தீர்த்தது. மழையில்லை என்ற வாக்கு மழையிலேயே நனைந்து போனதைப் பற்றி ஒரு மீமைக்கூட நான் பார்க்கவில்லை.

ஆண்டுக் கணக்கும் சரியாக வருவதில்லை. ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25, விகாரி ஆண்டின் பங்குனி மாதம். சென்னையில் ஆக்சிஜன் படுக்கைக்காக மக்கள் ஆம்புலன்ஸிலேயே காத்துக் கிடந்த 2021 மே மாதமோ பிலவ ஆண்டு. ஆக நோயின் தொடக்கமும் அதன் கொடிய மாதமும் சார்வரிக்கு வெளியேதான் விழுகின்றன. இது 60 ஆண்டுச் சுழற்சி என்பதால், இதே வெண்பா 1960இல் பிறந்த சார்வரிக்கும் உரியது, 2080இல் பிறக்கப்போகும் சார்வரிக்கும் உரியது.

இதனால் பஞ்சாங்கமே வீண் என்று யாரும் என்னைத் திட்ட வர வேண்டாம். திதி, நட்சத்திரம், கிரகணம் ஆகியவை கணக்கு. அந்தக் கணக்கைச் செய்பவர்களின் உழைப்பை அருகிலிருந்து பார்த்தவன் நான். பலன் என்பது வேறு சங்கதி. இரண்டும் ஒரே அட்டைக்குள் கட்டப்பட்டிருப்பதால், கணக்கின் மீதுள்ள மதிப்பு பலனுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.


மீம் பட்டறைக்காரன் எழுதியது:

ஐயா எழுதியதைத்தான் நாங்கள் தினமும் வேறு சரக்கை வைத்துச் செய்கிறோம். பெரம்பூரிலிருந்து ஒரு சிறிய மீம் பக்கத்தை நண்பர்களோடு நடத்துபவன் என்ற முறையில், இதன் வேலைப்பாட்டை உள்ளிருந்தே சொல்கிறேன்.

முதலில் பெரிய கிடங்கு ஒன்று வேண்டும். உலக அளவில் 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடர் அப்படிப்பட்ட கிடங்கு. 1989 முதல் 700க்கும் மேற்பட்ட பகுதிகள் வெளிவந்துள்ள ஒரு தொடரில், எந்த நிகழ்ச்சிக்குப் பின்னரும் பொருந்தும்படி ஒரு காட்சியைத் தேடி எடுத்துவிட முடியும். டிரம்ப் அமெரிக்க அதிபராக இருந்தார் என்ற வசனம் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒளிபரப்பான பகுதியில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் முன்னரே சொல்லப்பட்டது என்று அதிகம் பரவியது, அவர் நகரும் படிக்கட்டில் இறங்கி வரும் படம். அது அவர் 2015 ஜூனில் அப்படி இறங்கி வந்த பிறகு, அதைக் கிண்டல் செய்து ஜூலையில் வெளியிடப்பட்ட குறும்படக் காட்சி. பக்கத்தில் 2000 என்று எழுதி ஒட்டியவுடன் கிண்டல் தீர்க்கதரிசனம் ஆகிவிட்டது. உண்மையான ஒன்றோடு பொய்யான ஒன்றைக் கோத்துவிட்டால், முதலாவதைச் சரிபார்த்தவர் இரண்டாவதைச் சரிபார்க்க மாட்டார் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

தமிழில் அந்த இடம் கமல்ஹாசனுக்கு. 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தது. அதில் சுனாமி பற்றிய பேச்சு வருகிறது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. ஆண்டவர் (ரசிகர்கள் கமலை அழைக்கும் பெயர்) அன்றே சொன்னார் என்ற வகை மீம்களுக்கு இதுவே மூலப்பொருள். சுனாமி என்ற இயற்கை நிகழ்வு அதற்கு முன்னரே அறியப்பட்டதுதான். படத்தில் எந்த நாள், எந்தக் கரை என்ற பேச்சே இல்லை. இது ரசிகர்களுக்கும் நன்றாகத் தெரியும். தங்கள் நாயகனைப் பாதி புகழ்ந்து பாதி கிண்டல் செய்யும் விளையாட்டு அது. கொரோனாவின்போது 2011இல் வந்த '7ஆம் அறிவு' படத்துக்கும் இதுவே நடந்தது, சீனாவிலிருந்து பரப்பப்படும் நோய் அதில் வருவதால்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், மிஸ். மாற்றம் நடக்கும் இடம் என்று நான் நினைப்பது இதுதான்: எங்கள் பக்கத்தைத் தொடர்பவர்களுக்கு, இந்தப் பக்கத்தில் வருவது நையாண்டி என்று தெரியும். ஒருவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போடும்போது படம் மட்டும் போகிறது, அந்தப் பழக்கம் போவதில்லை. அங்கிருந்து இன்னொருவர் அடியில் உள்ள பக்கத்தின் பெயரை வெட்டிவிட்டு அனுப்புகிறார். வாட்ஸ்ஆப்பில் 2018 முதல் இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்றும், 2020 ஏப்ரல் முதல் பலமுறை சுற்றி வந்ததை ஒருமுறைக்கு ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாது என்றும் கட்டுப்பாடு வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் படத்தைச் சேமித்துப் புதிதாக ஏற்றினால் பலமுறை சுற்றியதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி மறைந்துவிடுகிறது. பல ஊர் சுற்றிய படம், அத்தை தானே எடுத்து அனுப்பியதுபோல வந்து நிற்கிறது. மாற்றத்தைச் செய்தவர் யார் என்று தேடினால் ஒருவரும் கிடைக்க மாட்டார். வழியில் இருந்த ஒவ்வொருவரும் ஒரு துண்டை வெட்டியிருப்பார், அவ்வளவுதான்.

முழு மோசடியாகவே செய்வதும் உண்டு. 2014 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியின்போது ட்விட்டர் கணக்கு ஒன்று, கூடுதல் நேரத்தில் ஜெர்மனி வெல்லும், ஜெர்மன் வீரர் மரியோ கோட்சே கோல் அடிப்பார் என்று முன்பே எழுதியிருந்ததாகப் பரபரப்பானது. நடக்கக்கூடிய எல்லா முடிவுகளையும் முன்னரே எழுதி வைத்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் நடக்காதவற்றை அழித்துவிட்டால் எஞ்சுவது ஞானதிருஷ்டிதானே! யூடியூபில் அந்த அளவு உழைப்புகூடத் தேவையில்லை. காணொளியின் தலைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவேற்றிய தேதி மட்டும் பழையதாகவே இருக்கும்.


வியாசர்பாடி பந்தாட்டக்காரன் எழுதியது:

கால்பந்து என்றதும் நான் வராமல் இருக்க முடியாது. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் ஓபர்ஹௌசன் நகரத்து மீன்காட்சியகத்தில் இருந்த பால் என்ற ஆக்டோபஸ், ஜெர்மனியின் 7 ஆட்டங்களையும் இறுதிப் போட்டியையும் சேர்த்து 8 முடிவுகளையும் சரியாகக் காட்டியது. எங்கள் மைதானத்தில் அந்த ஆக்டோபஸுக்கு ரசிகர் மன்றம் வைக்காத குறைதான். நாணயத்தைச் சுண்டி 8 முறையும் சரியாகச் சொல்வதற்கான வாய்ப்பு 256இல் 1. கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோடையில் உலகமெங்கும் எத்தனை ஊர்களில் எத்தனை விலங்குகளின் முன் இரண்டு கொடிகளை வைத்திருப்பார்கள்? தோற்றவற்றின் பெயர் நமக்கு வராது. சிங்கப்பூரில் நம்மவர் ஒருவர் வைத்திருந்த மணி என்ற கிளி, காலிறுதிகளைச் சரியாகச் சொல்லி உலகப் புகழ் பெற்று, இறுதிப் போட்டியில் நெதர்லாந்து என்றது. ஸ்பெயின் வென்றது. மணியை இன்று யார் பேசுகிறார்கள்?

நம்மூரிலும் 2024 ஏப்ரலில் கடலூர்த் தொகுதியில் ஒரு வேட்பாளர் வெல்வார் என்று கிளி சீட்டு எடுத்துக் கொடுத்த காணொளி பரவியது. கிளியைக் கூண்டில் அடைத்து வைத்ததற்காக வனத்துறை அந்த ஜோசியரைப் பிடிக்க, கிளிக்குத் தன் கைது தெரியவில்லையே என்று மீம்கள் குவிந்தன. வேட்பாளர் தோற்றார். அதை நினைவில் வைத்திருப்பவர்கள் கைது நடந்ததால் வைத்திருக்கிறார்கள், வாக்கு பொய்த்ததால் அல்ல.


கொருக்குப்பேட்டைப் பெரியவர் எழுதியது:

எல்லோரும் அறிவாளித்தனமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் மழைக்காலம் தொடங்குமுன் ரேஷன் அட்டை, பத்திரம், சான்றிதழ் எல்லாவற்றையும் பாலிதீன் பையில் கட்டிப் பரண்மேல் வைக்கும் பழக்கம் வந்திருக்கிறது. அதை நினைவூட்டுவது பெரும்பாலும் இந்த டிசம்பர் மீம்தான். சித்தர் சொன்னாரா, நாசா சொன்னதா என்பதில் எனக்கு அக்கறையில்லை. பயம் வந்தால் மனிதன் தயாராக இருப்பான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓர் எச்சரிக்கையை அனுப்பினால் யாருக்கு என்ன நட்டம்?


காசிமேட்டுக் கடலோடி மகள் எழுதியது:

பெரியவருக்கு வணக்கம். நட்டம் யாருக்கு என்று கேட்டீர்கள் அல்லவா? எங்களுக்குத்தான்.

சுனாமி வந்து சில நாட்களே ஆகியிருந்த 2004 டிசம்பர் 30 அன்று, மீண்டும் ஒரு பேரலை வரக்கூடும் என்று மத்திய உள்துறையிடமிருந்தே எச்சரிக்கை வந்தது. அமெரிக்காவில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் நிலநடுக்கக் கணிப்பு அதற்கு அடிப்படை. கடலோரம் முழுதும் மக்கள் எழுந்து ஓடினார்கள். நிவாரண வேலை செய்துகொண்டிருந்தவர்களும் ஓடினார்கள். அன்றே, அப்போது மத்திய அறிவியல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்த கபில் சிபல், அந்தக் கணிப்புக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று மறுத்தார். அப்போது வாட்ஸ்ஆப் கிடையாது, மீம் கிடையாது. ஆகவே வதந்திக்கு மீமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கணிப்பு அரசு வாயிலாக வந்தபோது, அதைச் சொன்னவரைக் கேட்க முடிந்தது, மறுக்க ஓர் அமைச்சரும் இருந்தார். மீமில் வரும் கணிப்பை யாரிடம் போய்க் கேட்பது?

இன்னொரு நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அருகில் 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு, சென்னையிலும் உணரப்பட்டு, சுனாமி எச்சரிக்கை விடப்பட்டு, மாலையில் விலக்கப்பட்டது. பேரலை வரவில்லை என்பதால் அது பொய்யான எச்சரிக்கை ஆகிவிடாது. கடலடித் தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடற்படுகை பெரிதாக உயரவில்லை. கடல்மட்டக் கருவிகள் அதைக் காட்டியதும் எச்சரிக்கையை விலக்கினார்கள். 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் எச்சரிக்கை மையம் நிலம் நடுங்கிய பிறகுதான் பேசுகிறது, நடுங்குவதற்கு முன் பேசுவதில்லை. சுமத்ராவிலிருந்து 2004இல் அலை சென்னைக்கு வர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த நேரம்தான் எங்கள் கையில் இருப்பது. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுக்கும் 1 முதல் 11 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள் உண்டு, ஏற்றியதை இறக்கும் நேரமும் உண்டு. ஆரூடத்தை யாரும் இறக்குவதில்லை.

ஜப்பானியப் பெண்மணியின் கனவு என்று ஆசிரியை குறிப்பிட்டது அதற்கு நல்ல சான்று. அவர் ஒரு மங்கா ஓவியர். 1999இல் வந்த அவருடைய கனவுத் தொகுப்பின் அட்டையில் 2011 மார்ச் மாதம் பேரழிவு என்று இருந்தது. அந்த மாதம் அங்கே சுனாமி வந்ததால் புத்தகம் புகழ்பெற்றது. 2021இல் வந்த மறுபதிப்பு உண்மையான பேரழிவு 2025 ஜூலையில் என்றது. ஜூலை 5 என்று நாள் குறித்துப் பரவியதில், ஹாங்காங்கிலிருந்து ஜப்பானுக்கான விமானங்களையே குறைத்தார்கள். ஜூலை 5 அமைதியாகக் கழிந்தது. ஜூலை 30 அன்று ரஷ்யாவின் கம்சட்கா அருகே 8.8 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு ஜப்பானுக்கும் சுனாமி எச்சரிக்கை வந்ததும், பார்த்தீர்களா என்று அதே மீம்கள் எழுந்து உட்கார்ந்தன. நாள் தவறியது, இடம் தவறியது, ஜப்பானில் பேரழிவும் நிகழவில்லை. இருந்தும் வாக்கு பலித்ததாம்.

டிசம்பர் பட்டியலுக்கு வருகிறேன். வங்கக் கடலில் நமக்குப் புயல் வரும் பருவமே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். டிசம்பரில் புயல் வரும் என்பதை எங்கள் தாத்தாவும் சொல்வார்; அவரை யாரும் சித்தர் என்று அழைத்ததில்லை. அந்தப் பட்டியலில் 2008 நிஷாவும் 2018 கஜாவும் 2020 நிவரும் ஏன் இல்லை? அவை நவம்பரில் வந்ததால் வெட்டப்பட்டன. பருவத்தோடு தொடர்பே இல்லாத சுனாமி, டிசம்பரில் வந்ததால் மட்டும் உள்ளே இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி ஓடியதைக்கூட, அதே 26ஆம் தேதி என்று இந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான். குழாயில் நேர்ந்த கசிவுக்குப் பொறுப்பாளிகள் உண்டு, கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. தேதியின் சாபம் என்று ஆக்கிவிட்டால் அந்தக் கேள்விகள் போன இடம் தெரியாது.

பரண்மேல் பத்திரத்தைக் கட்டி வைப்பது நல்லதுதான், பெரியவரே. ஆனால் ஒவ்வொரு ஐப்பசியிலும் வெறும் மீமுக்குப் பயந்து பழகிய பிள்ளைகள், கூண்டு ஏற்றும் நாளில் அதையும் இன்னொரு மீம் என்று எண்ணிப் படகை எடுத்துவிடுவார்களோ என்பதுதான் கரையில் நிற்பவர்களின் அச்சம்.


கொருக்குப்பேட்டைப் பெரியவர் எழுதியது:

பெரியகுப்பம் பற்றி நீ எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன், தாயே. மற்றதில் என் கருத்து மாறவில்லை. பயமில்லாத ஊர் 2015இல் எப்படி மூழ்கியது என்பதை நான் மாடியிலிருந்து பார்த்தவன்.


தண்டையார்பேட்டை ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வகுப்பில் விரிவுரை நடத்தினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். பட்டறைத் தம்பி, சார்வரி வெண்பாவின் நான்கு அடிகளையும் முழுமையாகப் போட்டு, மழையில்லை என்ற இடத்துக்கு அருகில் செம்பரம்பாக்கம் மதகு திறந்திருக்கும் படத்தை வைத்து ஒரு மீம் செய்து தர முடியுமா? அவர்கள் அனுப்பும் வடிவத்திலேயே திருப்பி அனுப்பிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.


மீம் பட்டறைக்காரன் எழுதியது:

இன்று இரவே செய்கிறேன், மிஸ். ஒரு நிபந்தனை: பக்கத்தின் பெயரும் செய்த தேதியும் படத்தின் ஓரத்தில் இல்லாமல் நடுவிலேயே இருக்கும், வெட்ட முடியாதபடி. அழகு கொஞ்சம் குறையும்.


பழைய வண்ணை அச்சகத்தார் எழுதியது:

வெண்பாவை அச்சேற்றுமுன் எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், தம்பி. இணையத்தில் சுற்றும் படியில் சீர் பிரிப்பு தவறாக இருக்கிறது. கீழே 1960, 2020, 2080 என்று மூன்று ஆண்டுகளையும் போட்டுவிடுங்கள்.